நடுவீட்டுச் சேவல்கள்

25 ஜூலை 2024, வியாழன். தங்கச்சிமடம்

வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா. மகள் வளையல் கடையைத் தாண்டிப் போய்ச் சாயக்குஞ்சுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ரோஸில் ஒன்று எடுத்தாள். “ஒத்தைக் குஞ்சு கத்தியே செத்துப்போகும், இன்னொண்ணும் எடு” என்றார் அத்தை. பச்சையும் வந்தது.

ராத்திரி முழுக்கக் கச்சான் காற்று. அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே குண்டு பல்பு கட்டினேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் முண்டினால் குளிர், மூலைக்கு ஓடினால் சூடு, பரவிப் படுத்தால் சரி. தாள் விரிக்கக் கூடாது. வழுக்கி இரண்டு காலும் அகன்றுபோனால் அப்புறம் நிமிர்வது கஷ்டம்.

27 ஜூலை, சனி

இரண்டும் சேவல்தான். சாயக் கூடையில் வருவது பெரும்பாலும் சேவலே. முட்டைக்கென்று வளர்க்கிற வெள்ளை லெகார்ன் இனத்தில் சேவல் முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. அதனால் பொரிப்பகத்தில் முதல் நாளே பெட்டையைப் பிரித்துக்கொண்டு சேவலை ஒதுக்கிவிடுவார்கள். உலகமெங்கும் அப்படி ஒதுக்கியதை அன்றே கொல்வதுதான் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. நம் பக்கம் அதில் கொஞ்சத்தைச் சாயத்தில் முக்கித் திருவிழாவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அனுப்புகிறார்கள்.

என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “நம்ம சங்காயத்தைத் தின்னுதான் இதோட ஆத்தா முட்டை விட்டிருக்கும்” என்றார். இருக்கலாம். வலையில் சிக்கும் பொடிசும் கழிவுமான சங்காயத்தை இந்தக் கரையில்தான் காயப்போடுகிறோம். அது கோழித்தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் லாரி ஏறுகிறது. அங்கே வேண்டாம் என்று தள்ளிய பிள்ளை சாயம் பூசிக்கொண்டு நம் வாசலுக்கே வந்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அத்தை பெட்டியை வெளியே வை என்று சொல்வதை விட்டுவிட்டார்.

30 ஜூலை, செவ்வாய்

வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. முதல் வாரத்திலேயே விட வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் விடலாம், கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இரண்டு குஞ்சுக்காக உடைத்து மீதியைக் கொட்ட மனம் வரவில்லை. தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டேன். மருந்து வெயில் பட்டால் வீண். மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியில் ஐஸ் அள்ளிப்போட்டுக் குப்பியை வைத்துக்கொண்டோம். இந்த ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ரோஸ் உதிர்கிறது. இறக்கைத் தண்டிலிருந்து வெள்ளைச் சிறகு வருகிறது. “என் ரோஸி போயிட்டா” என்று மகள் அழுதாள். வெள்ளைதான் அவன் நிறம் என்று மடியில் வைத்துக் காட்டினேன்.

அத்தை கருவாட்டுத் துண்டு போடப் போனார், தடுத்துவிட்டேன். உப்பு அதிகமானால் கோழிக்கு விஷம். அவித்த சூடை மீனை முள் எடுத்துப் போடலாம். குருணை, கம்பு, முருங்கைக்கீரை, இவை போதும்.

14 செப்டம்பர், சனி

கொல்லைப்புறத்தில் விட முடியவில்லை. மீன் இறங்கும் இடமென்றால் செம்பருந்து வட்டமிடாமல் இருக்காது, வெள்ளைச் சிறகு மேலிருந்தே பளிச்சென்று தெரியும். பகலில் வலை போட்ட முற்றம், ராத்திரி நடுவீட்டில் பஞ்சாரம்.

இன்று முண்டு மிளகாய்ச் சுளகில் ஏறி இரண்டும் கொத்தித் தின்றன. மகள் தண்ணீரோடு ஓடிவந்தாள். பறவைக்கு மிளகாயின் உறைப்பு தெரியாது. நம் நாக்கில் எரிச்சலை உணர்த்துகிற அந்த இடம் பறவைக்கு மிளகாயால் தூண்டப்படுவதில்லை. விதையை விழுங்கிக் கொண்டுபோய் எங்கேயோ எச்சமிடுவதால் செடிக்கும் அது லாபம்தான். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்தை அறியாமல் தின்கிறவை எங்கள் வீட்டில் இவை இரண்டும்தான்.

20 அக்டோபர், ஞாயிறு

பச்சையாக வந்தவன் கூவிவிட்டான். இன்னும் விடியவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013-இல் சேவல்களை மங்கல் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பொழுது தெரியாவிட்டாலும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் கொண்டு நேரத்துக்குக் கூவினவாம். அந்த நேரத்தில்தான் இவர் துறைக்குக் கிளம்புகிறார். அத்தை எழுந்து ஜெபமாலை எடுக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லை.

20 நவம்பர், புதன்

காலையில் பிடித்த மழை. மதியத்துக்குள் தெருவில் முழங்கால் தண்ணீர், வாசல்படி மூழ்கியது. பஞ்சாரத்தைத் தையல் மிஷின் மேல் ஏற்றினோம். கோழி நனைந்து குளிர்ந்தால் எளிதில் நோயில் விழும். சேவல்கள் சத்தமில்லாமல் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. மகள் கட்டிலில் உட்கார்ந்து பஞ்சாரத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

21 நவம்பர், வியாழன்

ராமேஸ்வரத்தில் நேற்று 41 சென்டிமீட்டர் மழையாம். பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் 19 சென்டிமீட்டர் கொட்டியதை மேகவெடிப்பு என்கிறார்கள். பக்கத்து அக்கா வீட்டுக் கூடு அப்படியே மிதந்துவிட்டது. அடைகாத்த கோழி முட்டையோடு போயிற்று. அவர் அழுததைப் பார்த்து, கோழிக்காகவா என்று கேட்ட ஒருவரை எனக்குப் பிடிக்கவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

வெயில். உமியை முழுக்க மாற்றினேன். ஈர உமியிலிருந்து கிளம்பும் நெடி கோழிக்கு மூச்சை அடைக்கும், குழந்தைக்கும் ஆகாது. முற்றத்தில் கடல் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்ததும் இரண்டும் பாய்ந்து விழுந்து புரண்டன. செள்ளும் பேனும் போக அதுதான் வழி. வெளிநாட்டில் வீட்டுக்கோழிக்கு டயப்பர் கட்டுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. மணலில் புரள முடியாத கோழி என்ன கோழி? வெயில் படாவிட்டால் எலும்பும் தேறாது. ராத்திரிக்கும் மழைக்கும் வீடு, மற்ற நேரம் முற்றம் என்பதே என் முடிவு. தூக்கி விளையாடினால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், சேவல் படுக்கையில் ஏறக் கூடாது. மகளுக்கு இந்த இரண்டும் சட்டம்.

1 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு இரண்டையும் அடித்துவிடலாமா என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். அத்தைதான் பதில் சொன்னார்: “அதுக வீட்டுப் பிள்ளைக.”

கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கால்நடைத் துறையினர் வழக்கமாகப் பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற கோழிதானே என்று விட்டுவிடாதீர்கள். கழிச்சல் கிருமி நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு நடுவீடு வரை வரும். உங்கள் கோழியையும் கொண்டு போங்கள்.