செங்கோட்டை – புனலூர்: கடைசி நாள்

செங்கோட்டை ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகத் தண்டவாளத்தை அளந்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே தையற்காரரிடம் கேட்டு ஒரு டேப் வாங்கி வைத்திருந்தேன். புனலூர் பாதையில் குந்தி உட்கார்ந்து உள்விளிம்புக்கு உள்விளிம்பு பிடித்துப் பார்த்தால் 100 சென்டிமீட்டர், ஒரு நூலிழை கூடுதல். மீட்டர் கேஜ் என்றால் மீட்டரேதான். அந்தப் பக்கம் சென்னைக்குப் போகிற அகலப் பாதை. அதன் அகலம் 1.676 மீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது. தையற்காரர் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துபோனதால் அளக்க முடியவில்லை. குனிந்து கிடந்த என்னைப் பார்த்துவிட்டுச் சுமை தூக்குகிறவர் ஒருவர் நின்றார். "என்னவே, பாகம் பிரிக்கீரா?" என்றார்.

2010 செப்டம்பர். மலை மேல் சாரல் மிச்சமிருந்தது. குற்றாலத்தில் சீசன் முடிகிற நேரம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூர் போகும் மீட்டர் கேஜ் வண்டிக்கு அதுதான் கடைசி நாள். பாதையை அகலப்படுத்த மூடினார்கள்.

நான் முந்தின நாளே ஒரு தடவை போய் வந்துவிட்டேன். கடைசி நாள் கூட்டத்தை மட்டும் பார்த்து எழுதினால் கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டைப் பற்றி எழுதின மாதிரி ஆகிவிடும். தென்காசியில் தங்கின விடுதிக்காரர், "அந்த வண்டியில யாரு போறா? காத்துதான் போகுது" என்று சொல்லியிருந்தார். பகவதிபுரம் ஸ்டேஷன் தாண்டினதும் நான் இருந்த பெட்டியில் எழுந்து நின்று எண்ணினேன். 43 பேர், 11 ஓலைக் கடவப்பெட்டிகள். பெட்டி என்றால் பெரும்பாலும் காய்கறி, கறிவேப்பிலை, ஈரத்துணி மூடின பிச்சிப்பூ. இந்தப் பக்கம் விளைவதை அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்கிற பெண்கள். டிக்கெட்டுக்கு அன்று பத்து ரூபாய்த் தாள் ஒன்றே போதுமாயிருந்தது, 49 கிலோமீட்டருக்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், வெற்றிலை போடலாம், போகிற வழியிலேயே கீரையைப் பிரித்துக் கட்டிவிடலாம்.

கடைசி நாள் காலை அதே பிளாட்ஃபாரம் வேறு மாதிரி இருந்தது. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த ரயில் ரசிகர்கள் விடிவதற்கு முன்பே முக்காலிகளை நிறுத்திவிட்டார்கள். இன்ஜினுக்குச் செவ்வந்தி மாலை, முகப்பின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. டிரைவருக்கு யாரோ ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் அதை மடித்துக் கேபினுக்குள் வைத்துவிட்டு வழக்கம்போல் எண்ணெய் பார்க்க இறங்கினார். ஒருவர் சட்டையில் 1904–2010 என்று அச்சடித்திருந்தது. கொல்லம் பக்கமிருந்து புனலூர் வரை ஒரு துண்டு, பிறகு மலையைக் குடைந்து மீதி என்று தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பாதை இது. 1904-ல் முழுதாக ஓட ஆரம்பித்தது. அன்றைக்குச் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், புனலூரும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. வண்டி ஓட ஆரம்பித்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் நடுவில் எல்லையே முளைத்தது.

இன்னொரு விஷயம் பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் விருதுநகரிலிருந்து அகலப் பாதை செங்கோட்டை வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொல்லத்திலிருந்து புனலூர் வரை அகலப் பாதை வந்துவிட்டது. நெல்லை–தென்காசிப் பாதையையும் அப்போது பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆகவே இந்த 49 கிலோமீட்டர் அன்றைக்கு ஒரு தீவு. இதில் ஓடும் இன்ஜினும் பெட்டிகளும் தண்டவாளத்தின் வழியாக வேறெங்கும் போக வழியில்லை. நாளைக்கு இவற்றை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

"ரெண்டே வருஷம், அகல வண்டி வந்துரும்" என்று பிளாட்ஃபாரத்தில் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். அவருக்கு யாரோ அதிகாரி சொன்னாராம். கொல்லம்–புனலூரை 2007-ல் மூடினார்கள். திறந்தது 2010 மே மாதம். அது 45 கிலோமீட்டர்கூட இல்லை, பெரும்பாலும் சமதளம். இங்கே குகையைக் குடைய வேண்டும், பாலத்தைப் பார்க்க வேண்டும். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

முன்னால் ஒரு டீசல் இன்ஜின், பின்னால் தள்ள ஒன்று. ஏற்றத்தில் இழுக்கிறவனுக்கு முதுகில் கை கொடுக்கிற ஆள் அது. இறக்கத்தில் அதே கை பிடித்தும் நிறுத்தும். ரசிகர்கள் ஒய்டிஎம்-4 என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், வீட்டு மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. பெட்டிக்குள் ஏறினால் ஜன்னலோரம் ஒன்றுகூடக் காலி இல்லை. முழுக்க கேமரா. நேற்றுப் பார்த்த ஆச்சி ஒருத்தி கழிவறைக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்காராத குறையாக நின்றிருந்தாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். "நீங்க இருங்க தம்பி, படம் பிடிக்கணும்லா" என்றாள். என்னிடம் கேமராவே இல்லை என்று சொன்னதும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

எதிர் ஜன்னலில் ஒரு பையன். இருபது வயதிருக்கும். பஞ்சு சுற்றிய மைக் ஒன்றை வெளியே நீட்டிப் பிடித்திருந்தான். இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்கிறானாம், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை அறுபடாமல். "கொஞ்சம் பேசாம இருங்க, ப்ளீஸ்" என்று எல்லோரையும் கும்பிட்டான். எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஆச்சி பக்கத்திலிருந்தவளிடம், கறிவேப்பிலைக் கட்டுக்கு நேற்று அந்தப் புனலூர்க்காரன் எவ்வளவு குறைத்தான் என்று ஆரம்பித்தாள். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தப் பதிவு எங்கேயாவது பத்திரமாக இருந்தால், ஆறு சிலிண்டர் டீசல் மலையேறும் சத்தத்தோடு கறிவேப்பிலை விலையும் அதில் இருக்கும். கேட்கிறவர்களுக்கு அதுதான் உருப்படியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பகவதிபுரம் தாண்டினதும் வேகம் தளர்ந்து, சக்கரம் தண்டவாளத்தில் உரசுகிற கீச்சொலி ஆரம்பித்தது. வளைவுகளில் தலையை நீட்டினால் முன் இன்ஜினும் தெரிகிறது, பின் இன்ஜினும் தெரிகிறது. வயல் முடிந்து தேக்கு, தேக்கு முடிந்து மூங்கில். ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பாறையில் தண்ணீர் வழிகிறது; கை நீட்டிய ஒரு குழந்தையை அதன் அம்மா அடித்து உள்ளே இழுத்தாள். அப்புறம் குகை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். விளக்கு எரியாத பெட்டியில் டீசல் புகையும் ஈரமண் வாசனையும் ஒன்றாக நுழைந்தன. ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். நேற்று இதே குகையில் ஒருவரும் கத்தவில்லை. பிச்சிப்பூ வாசனை மட்டும் இருட்டில் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி கழித்து வெளிச்சம் வந்தது. கொஞ்சத்தில் சட்டைப் பையில் செல்போன் துடித்தது. கேரளா வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி.

ஆரியங்காவில் வண்டி நின்றதும் ரசிகர்கள் இறங்கி ஓடினார்கள். தண்ணீருக்கோ டீக்கோ என்று நினைத்தேன். எல்லோரும் டிக்கெட் கவுன்டரில் போய்க் குவிந்தார்கள். பழைய அட்டை டிக்கெட்டுக்குத்தான் அந்த ஓட்டம். எந்த ஊருக்கு என்று கேட்டால் "எந்த ஊருக்கானாலும் சரி" என்கிறார்கள். ஒருவர் பத்து வாங்கினார். பயணமே செய்யாத டிக்கெட்டுகள். கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகத் தேதி குத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார், முகத்தில் சலிப்பா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால், நிஜமாகவே புனலூர் போக வேண்டிய ஒரு தாத்தா கையில் சில்லறையோடு நின்றிருந்தார். நல்லவேளை, வண்டியின் கார்டு அவரைப் பார்த்துவிட்டுக் கொடியை இறக்கிக்கொண்டார். தாத்தா ஏறின பிறகுதான் விசில்.

தென்மலையில் இறங்கிக்கொண்டேன். புனலூர் வரை நேற்றே பார்த்தாகிவிட்டது. இறங்கும்போது டோக்கன் மாற்றுவதைக் கிட்டத்தில் பார்த்தேன். பிரம்பு வளையம் ஒன்று, அதில் தோல்பை, பைக்குள் உருண்டை. அந்த உருண்டை கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரையுள்ள பாதைக்குள் வண்டி போகக் கூடாது. வளையத்தில் பிடித்துப் பிடித்து ஓரிடத்தில் மட்டும் பிரம்பு கருத்து வழவழவென்றிருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஊழியர், "வேகம் வேகம்" என்றார், மலையாளமா தமிழா என்று பிரிக்க முடியாத குரலில். தொட்டுப் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீ 5 ரூபாய், பழம்பொரி 5 ரூபாய். கழுதுருட்டி பக்கம் இருக்கும் பதிமூன்று கண் பாலத்துக்கு ஆட்டோ 60 ரூபாய் கேட்டார்கள். நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைக்குக் கிராக்கி. சாலையும் ரயில் பாதையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. பள்ளத்தைத் தாண்டக் கல்லால் கட்டின வளைவுகள், பாசி பிடித்துக் கறுப்பாக. சுண்ணாம்பும் வெல்லமும் கலந்து கட்டினது என்று ஆட்டோக்காரர் சொன்னார். கல்லைக் கீறிப் பார்க்க எனக்கு எட்டவில்லை. ஆனால் வளைவுகளை எண்ணலாமே. சாலையில் நின்று எண்ணினால் பன்னிரண்டுதான் வந்தது. திரும்பவும் பன்னிரண்டு. செடிகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கினதும், ஓரத்தில் மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த ஒன்று தெரிந்தது. பதிமூன்று சரிதான். சாலையோரமாகவே பாலத்தின் நீளத்துக்கு நடந்து பார்த்தேன், என் நடையில் 140 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

அங்கே ஒரு திருவிழாக் கூட்டம். கார்கள் இரண்டு பக்கமும். பாறை மேல், மரத்தின் மேல், லாரிக் கூரை மேல் என்று கேமராக்கள். தடுப்புச் சுவரில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றேன். லாரி டிரைவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். பக்கத்தில் நின்றவர் இந்தப் பாலத்தைப் படம் எடுக்க இது பதினேழாவது தடவை என்றார். "வண்டியில் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். யோசித்தார். "ரெண்டு. உள்ளே உட்கார்ந்தா வண்டி தெரியாதே சார்" என்றார். நியாயமான பதில்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, புனலூர் போய்த் திரும்புகிற வண்டியின் சத்தம் தென்மலை பக்கமிருந்து முதலில் வந்தது. மலையில் அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் திரும்பினோம். பிறகு மரங்களுக்கு மேல் கறுப்புப் புகை. மாலை போட்ட இன்ஜின் பாலத்தில் ஏறியது. மாலையில் பாதி காற்றில் பிய்ந்துபோயிருந்தது, வாழைக்கன்று ஒரு பக்கம்தான் மிச்சம். ஏற்றத்தில் நடை வேகம்தான். ஜன்னலெல்லாம் கைகள், படியெல்லாம் ஆட்கள். கீழேயிருந்து இவர்கள் கை ஆட்டுகிறார்கள், மேலேயிருந்து அவர்கள் ஆட்டுகிறார்கள். டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின் இன்ஜின் பாலத்தைத் தாண்டும்போது முன் இன்ஜின் வளைவில் மறைந்துவிட்டது. என் பக்கத்தில் நின்றவர் படம் எடுத்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைத்தூறல்தான், ஆனால் தூறல் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கடைசிப் பெட்டிக்கு முந்தினதில் கதவோரம் அடுக்கின காலிக் கடவப்பெட்டிகளை ஒரு கணம் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று செருகி நாலைந்து. விற்றுத் தீர்ந்திருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் செங்கோட்டை திரும்பினேன். பிரானூர் பார்டரில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமே அறை எடுத்துத் தங்கினேன். ஸ்டேஷன் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை ஊர் திரும்பலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, புனலூர் பஸ் நிற்கும் இடத்தில் அந்த ஆச்சி நின்றிருந்தாள். இரண்டு பெட்டி. முதல் பஸ்ஸில் கண்டக்டர் வாசலில் நின்றுகொண்டே "சுமை ஏத்த இடமில்ல" என்று கையை விரித்துவிட்டார். அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அந்தக் கண்டக்டர் ஒத்துக்கொண்டார். ஆளுக்கு 27 ரூபாய், பெட்டிக்குப் பத்துப் பத்து. பின்பக்க ஏணி வழியாகத்தான் கூரைக்கு ஏற்ற வேண்டும். நானும் ஒரு கை பிடித்தேன். ஈரத்துணி மூடின கறிவேப்பிலை, நினைத்ததைவிடக் கனம். ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணினாள். 47. ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.