செலவில்லாப் பிரயாணம்

மாலை வேளைகளில் பாடத்தில் ஐயம் தெளிய எங்கள் வீட்டுக்கு வரும் மாணவர் சிலர் சென்ற மாதம் வேறொரு கேள்வியோடு வந்தனர். "சேர், விடுதிக்குக் காசு கொடுக்காமலே ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கலாமாம். போகிற ஊரில் யாராவது தங்கள் வீட்டில் தங்க இடம் தருவார்களாம். உண்மையா?"

உண்மைதான். இரண்டாம் உலகப் போரின் புண் ஆறாதிருந்த 1949ஆம் ஆண்டில் டென்மார்க்கில் தோன்றிய ஓர் இயக்கம் பின்னர் 'சேர்வாஸ்' என்று பெயர் பெற்றது. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டார் வீட்டில் தங்கி, உண்டு, மனம்விட்டுப் பேசினால் பகை குறையும் என்பது அதன் நம்பிக்கை. 2004இல் 'கௌச்சேர்ஃபிங்' என்னும் இணையத்தளம் இவ்வழக்கத்தை இளைஞரிடையே உலகெங்கும் பரப்பியது. அதுவும் 2020இல் அங்கத்தவரிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியது.

நம்மவர்க்கோ இது புதிதன்று. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே விருந்தோம்பலுக்கு வைத்தார். மடங்களும் சத்திரங்களும் தெருத் திண்ணைகளும் வழிப்போக்கருக்காகவே எழுந்தவை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இன்றும் வழியூரார் இடும் சோற்றை உண்டே செல்கின்றனர்.

இவ்வளவையும் சொன்ன நாங்கள், "நீங்களும் போய் வாருங்கள்" என்று மட்டும் உடனே சொல்லவில்லை. மன்னாரில் நாங்கள் பெற்ற அனுபவம் எங்களைத் தடுத்தது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் வாயுவுக்கு ஒரு வரிசை, எரிபொருளுக்கு ஒரு வரிசை என்று நாடே தெருவில் நின்ற காலம் அது. அப்போது எங்களிடம் படித்த பேசாலை மாணவன் ஒருவன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "பஸ் ஓடுவது நிச்சயமில்லை, சேர். இரண்டு கிழமை உங்கள் வீட்டில் ஒரு மூலையில் தங்கிப் படிக்கலாமா?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் ஓர் அறை இருந்தது. பழைய புத்தகங்களும் உடைந்த நாற்காலிகளும் அதில் குடியிருந்தன. "இடவசதி இல்லையே, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அரிசி விற்ற விலையில் இன்னொரு வாய்க்குச் சோறிட அஞ்சினோம் என்பதே மெய். அவன் முகங்கோணாமல் போய்விட்டான்.

அடுத்த ஆண்டு, கணவன் மனைவியும் பிள்ளைகள் இருவருமாக நால்வரும் சிறு செலவில் மன்னாரைப் பார்த்து வர எண்ணினோம். எவ்வாறோ அதனை அறிந்த அம்மாணவன், "எங்கள் வீடு இருக்கும்போது நீங்கள் விடுதியில் தங்குவதா, சேர்?" என்று தொலைபேசியில் கேட்டான். நாணம் ஒருபுறமும் சிக்கனம் ஒருபுறமும் இழுத்தன. சிக்கனமே வென்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி வழியாக பஸ்ஸிற் சென்றோம். முதலிரவு திருக்கேதீச்சரத்து மடம் ஒன்றில் கழிந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. போர்த்துக்கீசர் காலத்தில் அழிந்து, 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளுக்குப் பின் சைவ மக்கள் முயற்சியால் மீண்டும் எழுந்தது. பாலாவியில் நீராடி, கௌரிநாயகி சமேத கேதீசுவரரை வணங்கி, பாயில் படுத்து, அமைதியாகத் துயின்றோம். மடத்துச் சோறு உண்பதில் கூச்சம் இருக்கவில்லை. பலர் கொடுத்ததைப் பலர் உண்கிறோம், காலையில் உண்டியலில் இயன்றதை இட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணினோம்.

மறுநாள் பாலம் கடந்து தீவிற் கால் வைத்தோம். கோட்டையையும், பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்க மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். தெருவில் உலாவிய கழுதைகளைக் கண்டு இளையவன் பெருமகிழ்ச்சி கொண்டான். மாலையில் பேசாலையை அடைந்தோம்.

சிறிய வீடு, தூய்மையான முற்றம். மாணவனின் தந்தையார் கடற்றொழிலாளர். "வாங்க மாஸ்டர், வாங்க அக்கா" என்று வாசலுக்கே வந்து அழைத்தார். உள்ளறையை எங்களுக்கு விட்டுவிட்டு, அவர்கள் ஐவரும் விறாந்தையில் பாய் விரித்துக்கொண்டனர். நாங்கள் மரக்கறி உண்போர் என்பதை மகன் முன்னரே சொல்லியிருந்தான். இரவுச் சோற்றோடு கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் வந்தன. அடுப்படிக்குச் சென்றபோது பானையும் சட்டிகளும் கரிபடியாப் புதியனவாக இருக்கக் கண்டோம். "எங்கட சட்டியில எப்பவும் மீன்தானே. உங்களுக்கு மணக்கும் என்று புதுசா வாங்கினது" என்றார் வீட்டுக்கார அம்மா. கத்தோலிக்கரான அவ்வம்மையார் எங்கள் ஆசாரத்தை எங்களினும் நன்றாகக் காத்தார்.

மறுநாள் தந்தையார் எங்களைத் தலைமன்னாருக்கு அழைத்துச் சென்றார். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கு இங்கிருந்தே கப்பல் சென்றது. சென்னையில் ரெயில் ஏறியவர் இக்கரையில் மீண்டும் ரெயில் ஏறிக் கொழும்பை அடைந்த காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலும் 1980களில் நின்றது. போரில் அழிந்த ரெயிற் பாதை 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை இடப்பட்டது. பழைய துறையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "1990இல் நான் சின்னப் பெடியன். இரவோடிரவாக வள்ளத்தில் அக்கரைக்குப் போனோம். மண்டபம் முகாமில் பல வருஷம். அங்கே முகம் தெரியாத ஒரு கிழவி தினமும் எனக்குக் கஞ்சி தருவா. பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை."

அன்று பிற்பகல், வீட்டின் கடைக்குட்டிச் சிறுமி எங்கள் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. "நீங்கள் வந்தபடியால் அப்பா இரண்டு நாள் தொழிலுக்குப் போகவில்லை." எங்களுக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அங்கே படகுகளின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபின், கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் எண்ணிக் கழிக்கும் நாளாயிற்று. அத்தகைய நாள்களில் இரண்டை எமக்காக அவர் கரையில் நின்று இழந்தார். புதுச் சட்டிகளின் விலையையும் கூட்டிப் பார்த்தோம். விடுதிக்கு நாங்கள் கொடுத்திருக்கக் கூடியதிலும் மிகுதியாகவே அவ்வீட்டார் செலவிட்டிருந்தனர்.

புறப்படும் காலையில், ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றைத் தலையணையின் கீழ் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். பாயைச் சுருட்டப் போன அம்மையார் அதை எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கணவரிடம் கொடுத்தார். முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்பதை உணர்த்த அனிச்ச மலரை உவமை காட்டினார் வள்ளுவர். விருந்தளித்தவர் முகம் வாடியதை அன்று நாங்கள் கண்டோம். "காசு வாங்கினால் இது வீடில்லை, மாஸ்டர்" என்று தாளை எங்கள் மகன் சட்டைப் பையில் வைத்தார் அவர். "அந்தக் கிழவிக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதைத்தான் இப்போது கொடுக்கிறேன்."

மாணவன் அருகில்தான் நின்றான். தான் எங்கள் வாசலிலிருந்து திரும்பிய நாளைப் பற்றி அவன் தன் பெற்றோரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அப்போது தெரிந்தது. அதனை நாங்களே சொல்லியிருக்க வேண்டும். நாவெழவில்லை.

திரும்பும் வழியில் எருக்கலம்பிட்டியில் தம் சிநேகிதர் வீட்டுக்கு அவர் எங்களை அழைத்துச் சென்றார். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களுள் ஒருவர் அம்முதியவர். கடல்வழியே கற்பிட்டியில் கரையேறியபோது அவ்வூரார் சோறு சமைத்து வைத்திருந்தனர் என்றார். "முதல் நாள் விருந்தாளி, முதல் மாதமும் விருந்தாளி. வருஷங்கள் போன பிறகு நாங்கள் அவர்களுக்குப் பாரம். அவர்கள் சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்தது" என்று கூறித் தேநீர்க் கோப்பையை எங்கள் பக்கம் நகர்த்தினார். அவரை ஊரைவிட்டு வெளியேற்றியவர் ஆயுதம் ஏந்திய தமிழர். அவர் தந்த தேநீரைப் பருகிய நாங்களும் தமிழர். அக்கோப்பை கையிற் கனத்தது.

ஆகவே, மாணவர்களே, உங்கள் கேள்விக்கு எங்கள் விடை இதுதான். காசில்லாமல் ஊர் சுற்றலாம். செலவில்லாமல் சுற்ற முடியாது. நீங்கள் கொடாத காசை வேறொருவர் உழைப்பாகவோ உறக்கமாகவோ கொடுக்கிறார். போகுமுன் அறிவித்துப் போங்கள். அவர்கள் தொழில் கெடாத நாளாகப் பார்த்துப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், இரண்டு இரவுக்கு மேல் தங்காதீர்கள். அடுப்படியிலும் முற்றத்திலும் ஒரு வேலையைக் கேட்டுச் செய்யுங்கள். யாவற்றிலும் மேலாக, உங்கள் வீட்டுக் கதவைத் திறக்க மனமில்லையாயின், பிறர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

வீடு திரும்பிய கிழமையே அந்த அறையை ஒழித்தோம். அம்மாணவனுக்குக் கடிதம் எழுதி, முன்னர் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். "அது எனக்கு அப்போதே தெரியும், சேர்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சென்ற ஆண்டு அவன் தங்கை பரீட்சைக்காக மூன்று கிழமை எங்கள் வீட்டில் தங்கினாள். அவளுக்கு மீன் சமைத்துக் கொடுக்கும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை. நாள்தோறும் எங்கள் மரக்கறிச் சோற்றை முகங்கோணாமல் உண்டாள். போகும்போது மட்டும், "எங்கட வீட்டில் உங்கட சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், ரீச்சர். அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னா" என்றாள்.