கொடை மேட்ச்சுகளின் காலம்

1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் எங்கள் பக்கத்து மணத்தி கணேசன் ஆடினார். திருச்செந்தூர் வட்டாரத்துப் பையன்களுக்கெல்லாம் அவர்தான் கனவு. என் தம்பிக்கும்.

அப்போது கோயில் கொடைத் திருவிழா என்றால் கபடி மேட்ச் உண்டு. சவுக்குக் கம்புகளில் டியூப்லைட் கட்டி, செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். தம்பி பாடிப் போனால் கூட்டம் எழுந்து நிற்கும். ஒல்லி உடம்பு. நாலு பேர் பிடித்தாலும் வழுக்கி வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான்.

பதினைந்து வயதில் அவனுக்கு முழங்கால் வீங்கியது. ஆட்டத்தில் பட்ட அடி என்றார்கள். அது வற்றிக் கணுக்காலுக்கு இறங்கியது, பிறகு மணிக்கட்டுக்கு. கடைசியில் தேரி மேடு ஏறவே மூச்சு வாங்கியது. ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இதய வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் தடமில்லாமல் போகும், வால்வில் விழுந்த தழும்பு போகாது என்று பாளையங்கோட்டை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. கபடி கூடாது.

"உயிர் தப்பிச்சதே பெருசு", "இனி படிப்பப் பாரு" என்றார்கள் உறவினர்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். அவன் காதில் ஏறவில்லை. சாயங்காலம் மைதானத்தில் விசில் கேட்டதும் திண்ணைத் தூணோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவான். ஆச்சிதான் பக்கத்தில் போய், "அழுலே ராசா. போனது சின்னச் சாமானா?" என்றாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதான்.

பி.டி. வாத்தியார் தினமும் சைக்கிளில் வருவார். புத்தி சொல்லமாட்டார். ஆச்சி கொடுக்கும் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, அன்றைய ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார். மாதங்கள் கழித்து ஒருநாள், "நாளைக்கு நானும் வாரேன் சார்" என்று அவனே கேட்டான். அதற்காகவே காத்திருந்தவர்போல ஒரு நோட்டை நீட்டினார். "எவன் எந்தக் கால முன்ன வைக்கான், எந்தப் பக்கம் திரும்புதான்னு எழுதிக் குடுடே." அந்த வருஷக் கொடையில் எங்கள் அணி பிடித்த பிடிகளில் பாதி அவன் எழுதிக் கொடுத்தவை.

பின்னாளில் அவனுக்கு உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை; மோதி விழும் ஆட்டம் இனி இல்லை என்பது உறுதியாயிற்று. அந்தச் செய்தியைத் தாங்கும் தெம்பு அப்போது அவனுக்கு இருந்தது.

2014-ல் புரோ கபடி வந்தபின் ஆட்டம் செயற்கை விரிப்புக்கு ஏறிவிட்டது. எங்கள் மைதானம் மனைகளாகிவிட்டது. ஆச்சியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. உடம்பு ஒத்துழைக்காமல் ஆட்டத்தை விட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் மனம் தேடுகிறது. போனது பெரிது என்று ஒப்புக்கொள்ள ஒருவர், அவனாகக் கேட்கும்வரை இடத்தைக் காலியாக வைத்திருக்க ஒருவர். தம்பிக்குக் கிடைத்த அந்தக் கொடுப்பினை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.