பை இல்லாத வாக்கியம்

பாசிவ் வாய்ஸ் என்றதும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் நினைவுக்கு வருவது ஒரு மாம்பழம்தான். ராமு மாம்பழத்தைத் தின்கிறான். உடனே மாம்பழம் ராமுவால் தின்னப்படுகிறது. இந்த உலகத்தில் எந்த மாம்பழமும் எவராலும் இப்படித் தின்னப்பட்டதாக யாரும் வீட்டில் வந்து சொன்னதில்லை. ஆனாலும் பரீட்சைத் தாளில் தலைமுறை தலைமுறையாகத் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கிறது. செய்த ஆளையும் செய்யப்பட்ட பொருளையும் இடம் மாற்று, நடுவில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, 'பை' சேர்த்து ஆளைக் கடைசிக்குத் தள்ளு. மார்க் வந்துவிடும்.

இந்த முறை நம் வாத்தியார்கள் கண்டுபிடித்ததல்ல. 1930-களில் வெளிவந்து இன்றுவரை கடையில் கிடைக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இதற்கு ஒரு பெரிய பாட்டையே போட்டுக் கொடுத்தது. அந்த ரென் பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். பாலைவனப் பட்டாளத்தை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதி உலகப் புகழ் பெற்றவரும் அவர்தான். நாவலில் குதிரையும் துப்பாக்கியுமாகப் பறந்தவர் இலக்கணப் புத்தகத்தில் மட்டும் நம்மை வாக்கியம் வாக்கியமாகத் திருப்பிப் போட வைத்துவிட்டுப் போனார்.

அதிராம்பட்டினத்தில் மக்ரிப் தொழுகை முடிந்த பிறகு நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள். 1955-இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி ஊரிலேயே இருப்பதால் பட்டப் படிப்புக்கு இங்கே பஸ் ஏற வேண்டியதில்லை. இன்னொரு வகை, விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். வீட்டில் ஒரு காக்கா (அண்ணன்) அல்லது மச்சான் ஏற்கெனவே துபாயிலோ சவூதியிலோ இருப்பார். தம்பியும் போகப் போகிறான். போவதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் பேச வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டாம் வகையினர் வினோதமானவர்கள். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் பாசிவ் ஆக்கிவிடுவார்கள். மாம்பழம், கடிதம், புலி, பாம்பு, எதுவும் தப்பாது. ஆனால் "ரூம்ல ராத்திரியிலேருந்து கரண்ட் இல்ல, நிறுத்தி வச்சிருக்காங்க" என்பதை இங்கிலீஷில் சொல் என்றால் வாய் அடைத்துப்போகும். அந்த வாக்கியத்தில் ராமு இல்லை. ராமு இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது, 'பை' போட்டு யாரைச் சேர்ப்பது என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

நம் பாடம் தலைகீழாக நடக்கிறது என்பது என் எண்ணம். வழக்கத்தில் இருக்கும் பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்குப் 'பை' கிடையாது. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், தெரிந்து பயனில்லாதபோதும், சொல்ல விருப்பமில்லாதபோதும்தான் இங்கிலீஷ்காரர் பாசிவுக்குப் போகிறார். இதைப் பாடத்தின் கடைசியில் ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டு, பயிற்சி முழுக்கப் 'பை' உள்ள வாக்கியங்களையே கொடுக்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு விருந்தாளியை வரவேற்பது போல.

ஆகவே நான் மாம்பழத்தை விட்டுவிட்டு, பேச்சில் இருக்கும் 'ட்டாங்க'விலிருந்து தொடங்குகிறேன். கரண்ட் கட் பண்ணிட்டாங்க. ரோட்ட தோண்டிப் போட்டுட்டாங்க. லீவு விட்டுட்டாங்க. மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களாம். யார்? யாரோ. அந்த 'யாரோ' இருக்கும் இடமெல்லாம் பாசிவ் போடலாம் என்று சொன்னால் பையன்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தி ரோட் ஹேஸ் பீன் டக் அப். தி பவர் ஹேஸ் பீன் கட். இன்னொரு வழி 'ஆச்சு'. பணம் கட்டியாச்சு, மனு கொடுத்தாச்சு, மெடிக்கல் எடுத்தாச்சு. இதிலும் ஆள் இல்லை, காரியம் மட்டும் இருக்கிறது. தமிழில் 'ஆல்' போட்டுப் 'படு' சேர்க்கும் வாக்கியம் பத்திரிகைக்கும் மேடைக்கும் உரியது. தெருவில் பாசிவ் வேலையைச் செய்கிறவை இந்த இரண்டும்தான்.

கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் வினையை உருமாற்றிச் செயப்பாட்டு வினை ஆக்கும் விகுதி கிடையாது, வேறு பல வழிகளில்தான் அந்தப் பொருளைச் சொல்கிறார்கள் என்று எழுதினார். குறை சொல்லும் தொனி எனக்குக் கேட்கிறது. ஒருவேளை என் காதின் கோளாறாகவும் இருக்கலாம். அந்த வேறு வழிகள் எத்தனை அழகு என்று பார்க்க ஊருக்குக் கிழக்கே உப்பளத்துக்குப் போனால் போதும். கடல்நீரைப் பாத்தியில் ஏற்றி, வெயிலில் காயவிட்டு, உப்பு பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். கால் வெடித்து, கண் கூசி, முதுகு ஒடியச் செய்யும் வேலை. ஆனால் கேட்டால் "இந்த வருஷம் உப்பு நல்லா வெளைஞ்சிருக்கு" என்பார்கள். உப்பு தானாக விளைந்துவிட்டதாம். படகுத்துறையில் போய் நின்றால் "மீன்பாடு எப்படி?" என்பதுதான் கேள்வி. மீன் பட்டது என்பார்களே தவிரப் பிடித்தோம் என்று மார்தட்டுவதில்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார். சோறு வெந்தது, வீடு எழும்பியது, திண்ணை மெழுகியது. மெழுகிய பெண்ணின் கை வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. ஆளை மறைக்க நமக்கு இங்கிலீஷ்காரன் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

பாசிவை அடியோடு வெறுப்பவர்களும் உண்டு. ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாசிவ் போடவே கூடாது என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் விதியே செய்தார். இன்றைக்கும் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் ஓதுகிறார்கள். கடற்கரை ஊர்க்காரனாக என்னால் இதை ஏற்க முடியவில்லை. வானிலை அறிக்கையின் கடைசியில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று வருமே, ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு என்று தொடங்கும் அந்த வாக்கியத்தில் அறிவுறுத்துகிறவர் பெயர் யாருக்கு வேண்டும்? மீனவர் முதலில் நிற்கிறார், கடல் பின்னால் வருகிறது, போதும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அதை எழுதச் சொன்னால் பையன்கள் 'தி ட்ரீஸ் வேர் அப்ரூட்டட் பை தி சைக்ளோன்' என்று எழுதுவார்கள். பாடப்புத்தகத்துப் 'பை' சரியாகப் பொருந்திய இடம் அது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். செய்தது யார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வருவது தண்ணீரில். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குப் பாசனம் கிடைத்தது. நாங்கள் அந்தக் கால்வாயின் கடைமடைப் பகுதி. மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது மரபு. திறந்த ஆண்டுகளில் தலைப்பைப் பாருங்கள்: முதல்வர் திறந்துவைத்தார். பெயர், படம், மலர் தூவல், எல்லாம் ஆக்டிவ் வாய்ஸ். 2024-இல் ஜூன் 12 வந்தது, அணையில் தண்ணீர் போதவில்லை, ஜூலை 28 வரை திறக்கவில்லை. அப்போது செய்தியின் நடை மாறிவிடுகிறது: தண்ணீர் திறக்கப்படவில்லை. திறந்தால் ஆள் உண்டு, திறக்காவிட்டால் ஆள் இல்லை. இது ஒரு கட்சியின் வழக்கம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆட்சியிலும் நல்ல செய்திக்கு எழுவாய் கிடைத்துவிடும், கெட்ட செய்திக்குத்தான் கிடைக்காது. அமெரிக்க அதிபர் ரீகனும் 1987-இல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது, தவறுகள் நேர்ந்துவிட்டன என்ற மாதிரியான ஒரு பாசிவில்தான் புகுந்துகொண்டார்.

ரயில்வேயை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. எந்தப் பெரிய ஸ்டேஷனிலும் வண்டி தாமதமானால் ஒலிபெருக்கி இங்கிலீஷில் 'இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரெக்ரெட்டட்' என்கிறது. உண்டாக்கியவரும் இல்லை, வருந்துகிறவரும் இல்லை. அதே குரல் தமிழுக்கு வரும்போது 'வருந்துகிறோம்' என்று முடிக்கிறது. தமிழில் ஒரு 'நாங்கள்' வந்து நின்றாக வேண்டியிருக்கிறது.

'ட்டாங்க'வுக்கும் பாசிவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். "தண்ணிய நிறுத்திட்டாங்க" என்றால் எதிரே இருப்பவர் "யாரு?" என்று கேட்க ஒரு வழி திறந்திருக்கிறது. வினைமுற்றிலேயே சில மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாசிவில் அந்த ஒட்டுதலும் இல்லை. வாக்கியம் இலக்கணப்படி நிறைவாக இருப்பதால் எதுவும் குறைவதாகவே தோன்றாது. குறைகிறது என்று கண்டுபிடிக்கத் தனியாகப் பழக வேண்டும்.

பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடா வேலைக் கடிதங்களைப் பார்த்தால் போதும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அலுவலகமாவது பார்க்கும். பத்தாவது தேறியவருக்கு அந்தச் சோதனை கிடையாது. தன் காகிதத்தைத் தானே படித்துக்கொள்வான் என்று அரசு நம்புகிறது. மாம்பழத்தைத் திருப்பிப்போட்டு மார்க் வாங்கியவனை!

போன மாதம் ஒரு பையன் அப்படிப்பட்ட கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம்தான். அக்காமடேஷன் வில் பி புரொவைடட். சேலரி வில் பி பெய்ட் மந்த்லி. ஓவர்டைம் வில் பி கன்சிடர்ட். மேலே ஒரு கம்பெனி பெயர் இருந்தது, ஆனால் ஒரு வாக்கியத்திலும் அந்தக் கம்பெனி எதையும் செய்வதாகச் சொல்லவில்லை. விசா ஒருவர் பெயரில், வேலை இன்னொரு இடத்தில், சம்பளம் மூன்றாவது ஆள் கையில் என்பது ஆள் சப்ளைத் தொழிலில் புதிதல்ல. சம்பளம் நின்றால் யாரிடம் போய் நிற்பது என்பதே அப்போது பிரச்சினை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் 'யாரு?' என்று எழுதிப் பார் என்றேன். எழுதினான். 'கன்சிடர்ட்' பக்கத்தில் மட்டும் இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தான். அதை நான் சொல்லித் தரவில்லை.

அவனுடைய வாப்பாவுக்கு இதில் தயக்கம். "ஏஜெண்டு கோவிச்சுக்கிட்டா விசா போயிடும் சார்," என்றார். ஷார்ஜாவில் இருக்கும் காக்காதான் போனில், கேட்டுவிடுங்கள் என்று தைரியம் சொன்னார். பையன் கடிதத்தைப் படம் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பி, கீழே இங்கிலீஷில் 'பை ஹூம்?' என்று கேட்டிருந்தான். மறுநாள் ஏஜெண்டே போன் செய்து வேறொரு கம்பெனியின் பெயரைச் சொன்னார். கடிதத்தில் இருந்த பெயர் அது இல்லை. அந்தப் பெயரையும் யார் சம்பளம் தருவார் என்பதையும் எழுதித் தாருங்கள் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். திருத்திய கடிதம் இந்த வாரம் அனுப்பப்படுமாம்.