தேரிக்காட்டில் ஐந்து நாள்

ஓய்வு என்பது வேலை செய்யாதிருத்தல் என்று எண்ணுவோர் பலர். ஒரு வேலையினின்று மனத்தை விடுவித்து மற்றொன்றில் செலுத்துவதே ஓய்வு என்று கூறுவாரும் உளர். இவ்விரண்டில் எது சரி என வழக்காட நாம் முன்வரவில்லை. சென்ற கோடை விடுமுறையில், திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி செல்லும் வழியிலுள்ள ஒரு தோட்டத்து வீட்டில் ஐந்து நாள் தங்கியிருந்தோம். அங்கே நாம் பெற்ற படிப்பினை ஒன்றை அன்பர்களிடம் கூறவே எழுதுகின்றோம்.

வீடு நம் நண்பருடையது. அவர் காயல்பட்டினத்தவர், வாணிபத்தின் பொருட்டு ஹாங்காங்கில் வாழ்கின்றவர். ஓடு வேய்ந்த இரண்டு அறை, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, சுற்றிலும் தென்னையும் முருங்கையும். வேறு வசதி எதுவும் இல்லை. கைப்பேசிக்கு உயிர் வருவதும் திண்ணையின் ஒரு மூலையில்தான். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த நம் பேரனுக்கு வயது பன்னிரண்டு. முதல் நாள் மாலை அந்த மூலையிலேயே அமர்ந்துகொண்டு, "அப்பா, இங்கே என்ன இருக்கிறது? ஐந்து நாள் எப்படிப் பொழுது போகும்?" என்று கேட்டான். (நம் இல்லத்தில் பாட்டனாரை அப்பா என்றும், தந்தையை வாப்பா என்றும் அழைப்பது வழக்கம்.) நம்மிடமும் விடை இல்லை. "பார்ப்போம்" என்று மட்டும் கூறினோம்.

மறுநாள் காலை, சாலையோரத்தில் ஒரு மூதாட்டி ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். உடன்குடிக் கருப்பட்டியின் பெருமை தமிழ்நாடெங்கும் அறிந்தது. அந்த வட்டாரத்துச் சரக்கே இது. விலை கேட்டோம், கூறினார். கடைவீதிப் பழக்கம் நம்மை விடவில்லை. கருப்பட்டியைக் கையிலெடுத்துப் புரட்டினோம். நிறம் மங்கல் என்றோம். எழுந்து போவதுபோல் போக்குக் காட்டினோம். இறுதியில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைத்து மூன்று கிலோ வாங்கினோம். நூற்றைம்பது ரூபாய் மிச்சம் என்னும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். பேரன் அருகில் நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சுப்ஹுத் தொழுகை முடித்ததும் தேரிக்குச் சென்றோம். தேரி என்பது செம்மணல் மேடு. காற்று காலங்காலமாகக் கொணர்ந்து குவித்த மணல் அது. மணியொவ்வொன்றின் மேலும் படிந்துள்ள இரும்புத் துருவே அச்செம்மைக்குக் காரணம். கதிரவன் எழும் வேளையில் அந்த நிலம் குங்குமம் கொட்டியதுபோல் தோன்றும். எட்டு மணிக்குமேல் அங்கே கால் வைக்க இயலாது. ஆகவே காண விரும்புவோர் விடியற்காலையில் சென்று வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். நம் பேரன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக ஓடினான். கைப்பேசி அவன் நினைவில் இல்லை. அந்தச் செம்மணலிலும் பனை வேரூன்றி நிமிர்ந்து நிற்பதை அன்று கண்டோம்.

மூன்றாம் நாள் காயலுக்குப் புறப்பட்டோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோபோலோ, காயல் என்னும் துறைமுகத்தைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். ஹொர்முஸ், ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற பண்டங்களையும் ஏற்றிவந்த கலங்கள் அங்கே நங்கூரமிட்டன. அத்துறை இருந்த இடம் தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலே என்று கால்டுவெல் கருதினார். தேரி நாட்டு இடையன்குடியில் வாழ்ந்த அவ்வறிஞர், 1870-களில் காயலிலும் கொற்கையிலும் அகழ்ந்தும் பார்த்தார். இன்று அங்கே சென்றால் கடல் இல்லை. ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட்டது. கடல் விலகிப் போயிற்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கைக்கும் இதே கதிதான். அதுவும் இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கின்றது.

முன்னோர் வாழ்ந்த இடங்களைப் பூமியில் நடந்து சென்று காணுமாறு திருமறை பலகாலும் தூண்டுகின்றது. கப்பல் கட்டிய துறையில் இன்று வாழையும் உப்பளமும் இருப்பதைக் காணும்போது அக்கட்டளையின் பொருள் விளங்குகின்றது.

அங்கிருந்து காயல்பட்டினம் வந்தோம். கற்றூண்கள் நிறைந்த பழம் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் பிறந்த மண் அது. 2023 டிசம்பரில், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊரும் அதுவே. ஓராண்டில் அப்பகுதியில் பெய்யக்கூடிய மழையினும் அது மிகுதி. வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் காட்டிய ஒரு பெரியவர், "தண்ணீர் வந்த அன்றைக்கு யார் வீடு, யார் ஊர் என்று எவரும் கேட்கவில்லை. கையில் இருந்த சோற்றைப் பங்கிட்டுக்கொண்டோம்" என்றார். மாலையில் கடற்கரை மணலில் அமர்ந்தோம். குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. சூடான வாடா வாங்கித் தின்றோம். மஃரிப் பாங்கு கேட்கும்வரை பிள்ளைகள் அலையோரம் ஓடிப் பிடித்து விளையாடினர்.

நான்காம் நாள் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

தோட்டத்துக்கு அப்பால் பனங்காட்டில் புகை எழுவதைக் கண்ட பேரன், அங்கே போக வேண்டும் என்றான். சென்றோம். பனையோலையால் வேய்ந்த குடிசை, விடிலி என்பர். உள்ளே ஒரு பெரிய தாச்சியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின்முன் குந்தியிருந்தவர் நம்மிடம் கருப்பட்டி விற்ற அதே மூதாட்டி! நம்மைக் கண்டதும், "வாங்கய்யா, உள்ளே புகையா இருக்கும், வெளியே இரிங்க" என்று முகமலர்ச்சியோடு வரவேற்றார். பேரனுக்கு ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அவருடைய கணவர் பனையிலிருந்து அப்போதுதான் இறங்கினார். அறுபதைக் கடந்தவர். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, மார்பெல்லாம் காய்ப்பு. பதநீர் புளித்துக் கள்ளாகாதபடி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதையும், பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும் என்பதையும், ஒரு நாள் தவறினும் சுரப்பு நின்றுவிடும் என்பதையும் அவர் விளக்கினார். எத்தனை மரம் ஏறுகின்றீர் என்று கேட்டோம். "முப்பது மரம். காலையிலும் ஏறணும், சாயங்காலமும் ஏறணும்" என்றார். பேரன் மனத்துக்குள் கணக்கிட்டான். மரம் ஒன்று நாற்பது அடி எனக் கொண்டால், நாளொன்றுக்கு 2,400 அடி ஏற்றம், அவ்வளவே இறக்கம். அவர்களுடைய மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். இம்மரங்களை இவருக்குப்பின் ஏற ஆள் இல்லை.

தாச்சி பொங்கி வழியாதபடி மூதாட்டி ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார். மணிக்கணக்கில் துழாவினார். புகையால் கண்ணீர் வழிந்தபடியே இருந்தது. பாகு பதமானதும் சிரட்டைகளில் ஊற்றினார். நாலு குடம் பதநீர் நம் கண்முன்னே சில சிரட்டைக் கருப்பட்டியாகச் சுருங்கிற்று. ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டருக்குக் குறையாமல் பதநீர் வேண்டுமாம். பேரன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்து எதுவும் கூறவில்லை. கூறியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையாக நடந்துகொள்பவனுக்கு இறையருள் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை எத்தனையோ மேடைகளில் எடுத்துச் சொன்னவர் நாம். பெருங்கடைகளில் அட்டையில் அச்சிட்ட விலையைப் பேச்சின்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரத்து மூதாட்டியிடம் மட்டும் நம் சாமர்த்தியத்தைக் காட்டினோம். இதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவதற்கில்லை.

ஐந்தாம் நாள் காலை விடிலிக்குச் சென்று நூற்றைம்பது ரூபாயை நீட்டினோம். மூதாட்டி வாங்கவில்லை. "பேசின விலை பேசினதுதானய்யா. பொறவு கூட வாங்கினா அது எனக்குச் சேராது" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எவ்வளவு வற்புறுத்தியும் பயனில்லை. இறுதியில், அவர் முதலில் கூறிய விலைக்கே மேலும் ஐந்து கிலோ வாங்கினோம். அதற்கு மட்டுமே இசைந்தார். புறப்படும்போது ஒரு சிறு கருப்பட்டியைப் பேரன் கையில் வைத்து, "இது பிள்ளைக்கு" என்றார். பேரன் நம்மைப் பார்த்தான். வாங்கிக்கொள் என்று தலையசைத்தோம்.

காயல் துறைக்குக் கலங்கள் வந்த காலத்தில், கடல் கடந்த வாணிபத்தைத் தாங்கி நின்றது சொன்ன சொல்லே. துறை தூர்ந்து போயிற்று. அந்தச் சொல்லோ, எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் விடிலியில் தூராமல் இருப்பதைக் கண்டோம்.

விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று வினவும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். கடற்கரைக்குச் செல்லுங்கள், பழந்துறைகளைக் காணுங்கள், பிள்ளைகளை மணலில் ஓட விடுங்கள். அத்துடன் நீங்கள் உண்ணும் ஒரு பொருளேனும் உண்டாகும் இடத்தில், அதனை உண்டாக்குவோர் அருகில், ஒரு பகற்பொழுது அமர்ந்திருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

திரும்பும் வழியில் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு கிழவர் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். நாம் சட்டைப்பையில் கைவிடுமுன் பேரன் அவரிடம் சென்று விலை கேட்டான். அவர் கூறியதை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு, "மரம் நீங்களே ஏறினீர்களா?" என்று விசாரிக்கத் தொடங்கினான்.