கூரைமேல் ஒரு வலை

தர்மசாலாவின் கூரைகளில் 2005 வாக்கில் இரண்டு வகை ஜீவன்கள் நடமாடின. ஒன்று குரங்கு. மற்றொன்று, குரங்கு கடித்துப் போட்ட கம்பியை மாற்றுவதற்காக மழையில் ஏணி வைத்து ஏறிய கம்ப்யூட்டர் இளைஞர். ஆன்டெனா என்பது தாங்கள் தொங்குவதற்காகவே நடப்பட்ட கம்பம் என்பதில் குரங்குகளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இமாச்சலப் பிரதேசத்தில் காங்க்ரா மாவட்டத்தின் தலைநகரான தர்மசாலா உண்மையில் இரண்டு ஊர்கள். கீழே கடைவீதி, பஸ் நிலையம், கோர்ட்டு என்று எந்த மாவட்டத் தலைநகரையும் போன்ற ஓர் ஊர். வளைந்து வளைந்து மேலேறினால் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் மெக்லியோட் கஞ்ச். பிரிட்டிஷார் கோடைக்காகக் கட்டிய இந்த ஊரை 1905 ஏப்ரல் 4 பூகம்பம் இடித்துத் தள்ளியது. அதன்பின் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த இடத்துக்கு 1960இல் முசோரியிலிருந்து தலாய் லாமா வந்து சேர்ந்தார். அகதிகள் பின்தொடர்ந்தார்கள். குளிர்காலத்தில் இந்திய நகரங்களின் நடைபாதைகளில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களுக்கு, எந்த மாநிலத்துக் குடியிருப்பிலிருந்து வந்தாலும், தலைநகர் என்றால் இதுதான்.

ஊருக்குப் பின்னால் தௌலதார் மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. மேகம் அதில் முட்டி இங்கேயே கொட்டிவிட்டுப் போகிறது. இமாச்சலத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் இதுவும் ஒன்று. மலைச்சரிவு, தேவதாரு மரங்கள், இடி, மின்னல், நினைத்தால் போகிற மின்சாரம் - கம்பி இழுத்து இன்டர்நெட் கொடுப்பதற்கு இதைவிடத் தோதற்ற இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே கம்பியை விட்டுவிட்டு ரேடியோ அலையைப் பிடித்தார்கள். கட்டடங்களுக்கு வெளியே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரி இறுதியில்தான் அனுமதித்தது. பிப்ரவரியிலேயே தர்மசாலாவில் வேலை தொடங்கி, மாத இறுதிக்குள் எட்டு வளாகங்கள் இணைக்கப்பட்டுவிட்டன. முன்னின்றவர் யாஹெல் பென்-டேவிட் என்ற இஸ்ரேலியர். ஏணி ஏறியவர்களில் உள்ளூர்த் திபெத்திய இளைஞர்களும் உண்டு. ஏர்ஜல்தி என்று பெயர் வைத்தார்கள். ஜல்தி என்றால் சீக்கிரம். பெயரிலேயே கொஞ்சம் குறும்பு தெரிகிறது.

இவர்களுடைய கைவேலைதான் ரசிக்கத்தக்கது. வீட்டு மேஜையில் வைப்பதற்காக விற்கப்பட்ட சாதாரண லிங்க்ஸிஸ் ரௌட்டரை வாங்கி, அதிலிருந்த மென்பொருளை நீக்கிவிட்டு, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன்-டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றினார்கள். மழை புகாத தகரப் பெட்டியில் அடைத்துக் கூரையில் நிறுத்தினார்கள். மின்சாரம் எட்டாத இடத்தில் சூரிய ஒளித் தகடு. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வந்த செய்தியை அடுத்த கூரைக்குத் தள்ளிவிடும். நடுவில் ஒன்று செத்தால் செய்தி வேறு கூரைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். குரங்கு எதைக் கடித்தாலும் ஊர் முழுவதும் இருண்டுவிடாது. இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழியாக இரண்டாயிரத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசின. பள்ளி, மடாலயம், அலுவலகம் எல்லாம் பங்கு போட்டுக்கொண்ட மொத்த இன்டர்நெட் வேகம் விநாடிக்கு 6 மெகாபிட். இன்று ஒரு கல்லூரி மாணவன் தன் செல்போனில் இந்த வேகம் கிடைத்தால் கோபித்துக்கொள்வான். மலைமேல் அன்று அது ராஜபோகம்.

குரங்குகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்து வந்த விருந்தாளிகளைச் சமாளிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவர்கள் கூரை வழியாக வரவில்லை.

தலாய் லாமாவின் அலுவலகத்திலிருந்து ஒரு வெளிநாட்டுத் தூதருக்கு ஈ-மெயிலில் அழைப்பு போயிற்று. மரியாதைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வதற்குள் சீன அரசு அந்தத் தூதரின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, சந்திப்பு வேண்டாம் என்று எச்சரித்துவிட்டது. 2008இல் ஆராய்ச்சியாளர்கள் தர்மசாலாவுக்கே வந்து கம்ப்யூட்டர்களைச் சோதித்தார்கள். அலுவலகக் கோப்புகள் அவர்கள் கண்ணெதிரிலேயே வெளியே போய்க்கொண்டிருந்தன. டொராண்டோவில் இருந்த நார்ட் வில்னேவ் என்ற ஆராய்ச்சியாளர், விஷமக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வந்த 22 எழுத்துகள் கொண்ட ஒரு தொடரை கூகுளில் போட்டுத் தேடிப் பார்த்தார். உளவாளிகளின் கட்டுப்பாட்டுத் தளமே பூட்டாமல் திறந்து கிடந்தது! திருடனின் வீட்டுக் கதவில் பூட்டு இல்லாத கதை.

2009 மார்ச் 29 அன்று வெளியான அறிக்கை அந்த வேவு வலைக்கு கோஸ்ட்நெட் என்று பெயரிட்டது. 103 நாடுகளில் 1,295 கம்ப்யூட்டர்கள் அதில் சிக்கியிருந்தன. இந்தியத் தூதரகங்களும் தப்பவில்லை. உளவாளி விரும்பினால் எதிரில் இருப்பவரின் கேமராவையும் மைக்கையும் இயக்கலாம். சீன அரசு மறுத்தது. சீன அரசுதான் செய்தது என்று அந்த அறிக்கையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. சீனர்களோடு இன்டர்நெட்டில் உரையாடும் தர்மசாலா அமைப்பு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பெண், திபெத்திலுள்ள தன் கிராமத்துக்குத் திரும்பினார். நேபாள எல்லையில் பிடித்து இரண்டு மாதம் அடைத்து வைத்தார்கள். அரசியலில் ஈடுபடவில்லை என்று சொன்னவரின் முன்னால், ஆண்டுக்கணக்காக அவர் பேசிய உரையாடல்களின் பிரதிகளை எடுத்து வைத்தார்கள்.

அதன்பிறகு இந்த ஊர்க் கம்ப்யூட்டர் பித்தர்களின் உத்தியோகமே மாறிப்போயிற்று. சிக்னல் வருகிறதா என்று பார்த்தவர்கள், வந்த கடிதத்தைத் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவர்களானார்கள். திபெத் ஆக்ஷன் இன்ஸ்டிட்யூட் ஒரு கோஷத்தைக் கண்டுபிடித்தது. ஈ-மெயிலோடு வரும் இணைப்புக்கும் மனிதன் விடவேண்டிய பற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இணைப்புகளின் மேல் பற்றை விடுங்கள் என்று சொன்னால் துறவிகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. புத்தரின் உபதேசத்தை வைரஸ் தடுப்புக்குப் பயன்படுத்திய ஊர் வேறெங்காவது உண்டா?

ஆனால் எதிராளியும் கெட்டிக்காரர். திபெத்தியர்கள் சீனாவின் வீசாட்டைக் கைவிட்டு கொரியாவின் காக்காவோடாக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். 2012 டிசம்பரில், திபெத்தியர்களிடையே பணிபுரிந்த ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர், நாடு கடந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவருக்கு அந்த ஆப்பை ஈ-மெயிலில் அனுப்பினார். நல்ல எண்ணத்தில் அனுப்பிய நல்ல ஆப். அடுத்த மாதம் அதே கடிதம், அதே நிபுணரின் பெயரில், இன்னொரு திபெத்தியருக்கு வந்தது. இம்முறை ஆப்புக்குள் வேவு மென்பொருள். கடிதம் திருடப்பட்டு தூண்டிலாகியிருந்தது. எச்சரிக்க வேண்டியவரின் கையெழுத்திலேயே ஆபத்து வந்தால் சாதாரண மனிதர் யாரை நம்புவார்? 2018 இறுதியிலிருந்து 2019 மே வரை வாட்ஸ்அப்பில் வந்தன இதே மாதிரியான தூண்டில்கள். பத்திரிகையாளர் என்றும் தொண்டு நிறுவன ஊழியர் என்றும் சொல்லிக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வீசாட்டைப் பலரால் விட முடியவில்லை. காரணத்துக்கு நிபுணர் தேவையில்லை. திபெத்தில் அம்மா இருக்கிறார். அங்கே வாட்ஸ்அப்புக்குத் தடை. ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்தே, அரசியல் பேசாமல், தலாய் லாமா பெயரை எடுக்காமல், சாப்பாட்டையும் உடம்பையும் மட்டும் விசாரித்துக்கொண்டார்கள். கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 சீன ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக் போனது பற்றி நாடெங்கும் பேச்சு. அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. மெக்லியோட் கஞ்சில் அன்று அறுந்தது பல வீடுகளின் ஒரே இழை.

குறுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பிடிபட்டால் தண்டனை பேசியவருக்கல்ல, மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு. போனை நீட்டி, அம்மாவிடம் எதில் பேசலாம் என்று கேட்கிறவர்களிடம், கூரைகளை இணைக்கத் தெரிந்தவர்கள் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: அம்மாவுக்கு இதில் சம்மதமா?