தீப்பெட்டி ஆபீஸ்

மத்தியானத்து முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. வராந்தாவில் செருப்புச் சத்தமும் இல்லை. கடைசி பெஞ்சில் சன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் தமிழ் மன்றக் கூட்டத்துக்கு வந்தவன், பஸ் சீக்கிரம் கொண்டுவந்து விட்டுவிட்டது. வகுப்பில் உட்காரலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். “தாராளமா வாங்க” என்றார்.

வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்கிறது. வரப்போரம் வேலிக்கருவேல் மட்டும் பச்சை.

இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ். 38 பேர், பாதிக்கு மேல் பெண்கள். விடியுமுன் பஸ் ஏறியபோது வைத்த பூ தலையிலேயே வாடியிருக்கிறது. தாளின் பெயர் படைப்பிலக்கியம். பருவத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. அந்த 25 மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே மேசைமேல் ஒரு சிவப்புப் பேனா. நோட்டில் இருக்க வேண்டிய பிள்ளைகளின் கண் அடிக்கடி அந்தப் பேனாவுக்குப் போய்த் திரும்புகிறது.

பேராசிரியர் நல்லவர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 38 நோட்டையும் வரிவரியாகப் படித்திருக்கிறார். ஒற்று விட்ட இடத்திலெல்லாம் ஒற்று வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளை எந்த ஊர் பஸ்ஸில் வருகிறது, எந்தப் பையன் சனி ஞாயிறு கொத்து வேலைக்குப் போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வளவு அக்கறையாகப் படிக்கும் ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை.

முதலில் ஒரு பையன் எழுந்து மழையைப் பற்றிக் கவிதை வாசிக்கிறான். வானம் அழுகிறது, பூமி சிரிக்கிறது. கைதட்டல். “அருமை தம்பி.” அவன் நோட்டில் சிவப்பு அதிகம் இருக்காது என்று தோன்றுகிறது. மழை விழுந்த கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாதது அவனுக்குத் தெரியாததா? அதை எழுதலாம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அடுத்து மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண்.

“நான் திருத்தியிருக்கேன்லம்மா, அதுபடியே வாசி.”

“சரிங்கய்யா.”

கதைதான். அம்மா விடிகாலை எழுந்து சோறு கட்டுகிறாள். வேன் ஆரன் கேட்டதும் ஓடுகிறாள். ‘அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் செல்வாள்’ என்று அந்தப் பெண் வாசிக்கிறாள். குரல் தட்டையாக, அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல இருக்கிறது. பக்கம் திருப்புகிறாள். ஊரில் அம்மன் கோயில் கொடை, மூன்று நாள் லீவு. ஆரன் சத்தமே இல்லாமல் அம்மா அதே நேரத்துக்கு எழுந்துவிடுகிறாள். லீவு என்று நினைவு வந்த பிறகும் படுக்கவில்லை. இருட்டில் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கண் நோட்டை விட்டுவிட்டது. “தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாத கை என்ன செய்யும்னு அதுக்குத் தெரியல.”

முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலை தூக்கிப் பார்க்கிறார்கள்.

“தொழிற்சாலைம்மா.”

“சரிங்கய்யா.” வரியின் தொடக்கத்துக்குப் போய்த் திருத்தி வாசிக்கிறாள். கை என்ன செய்யும் என்று ‘அவளுக்குத் தெரியவில்லை.’

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் அது தீப்பெட்டி ஆபீஸ்தான். மேசையோ நாற்காலியோ கிடையாது. தகரக் கொட்டகையாக இருந்தாலும் ஆபீஸ். கட்டையில் குச்சி அடுக்கக் குனிந்த முதுகும் மருந்து வாடை ஏறிய சேலையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் அந்த அம்மா ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை.

பேராசிரியர் வகுப்பைப் பார்த்துக் காரணம் சொல்கிறார். “தேர்வுத்தாளைத் திருத்துறது நான் மட்டும் இல்ல. வெளியில இருந்தும் ஆள் வருவாங்க. பேச்சுவழக்கைப் பார்த்ததும் சுழிச்சிருவாங்க. மார்க் போனா யாருக்கு நட்டம்?” பொய் இல்லை. பிள்ளைகளின் மார்க்கைக் காப்பாற்றத்தான் அவர் திருத்துகிறார். அவர் மேலும் ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

துறை அறையில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் படம் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். கல்லூரிப் படிப்பு கிடையாது. கரிசல் சனங்களின் வாய்ச்சொல்லைச் சேர்த்து 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அந்த வாய்ச்சொல்லுக்காகவே 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது. அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இந்த நோட்டுகள் திருத்தப்பட்டிருக்கின்றன. மனசு வலிக்கிறது.

ஊர்ப்பேச்சு வகுப்பறையில் தடுக்குவது இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. 1945இல் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து ஒரு பெண் அங்கே போனார், ஃபிளானரி ஓகானர். அவருடைய ஊர்ப்பேச்சு ஆசிரியர் பால் எங்கிளுக்குப் பிடிபடவில்லை. சொல்ல வந்ததைத் தாளில் எழுதித் தரச் சொன்னதை எங்கிளே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வகுப்பிலும் ஓகானர் கடைசியில் பேசாமல்தான் உட்கார்ந்திருப்பாராம். அந்த ஊர்ப்பேச்சை அவர் தன் கதைகளில் விட்டுவிடவில்லை. அந்தப் பட்டறையில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது: ஒருவர் கதையைப் பற்றி மற்றவர்கள் விவாதிக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. இங்கேயும் எழுதியவள் வாய் திறக்கவில்லை. மற்ற 37 பேரும் திறக்கவில்லை.

வாசித்து முடித்துவிட்டாள். கைதட்டல் இல்லை. பிடிக்கவில்லை என்றில்லை, மழைக் கவிதைக்குத் தட்டிய கையை இதற்குத் தட்டத் தோன்றவில்லை. சன்னலோரத்துப் பெண் ஒருத்தி தன் நோட்டைத் திறந்து எதையோ பார்க்கிறாள். அவள் நோட்டிலும் ஓரிடத்தில் சிவப்புச் சுழி.

“நோட்டைக் கொண்டாம்மா.”

கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவர் பேனா மூடியைக் கழற்றி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கிறார். முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பக்கம். நின்றபடியே ஒருமுறை படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார். பின்பெஞ்சில் யாரோ இருமியதற்குக்கூட நிமிரவில்லை.

“உங்க அம்மா எந்த ஆபீசுல வேலை பாக்காங்க?”

கேட்டபிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பேனா காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது.

“ஊர் விலக்குல இருக்குங்கய்யா. சின்ன ஆபீசுதான்.”

“கட்டைதான அடுக்குறாங்க?”

“ஆமாங்கய்யா.”

“இப்ப ஒரு கட்டைக்கு என்ன குடுக்கான்?”

வெளியாள் கேட்கும் கேள்வி இல்லை இது. அந்தப் பெண்ணும் அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். மெதுவாக ஒரு கணக்குச் சொல்கிறாள், கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. நோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபடி நிற்கிறாள். அவர் இன்னும் கொடுக்கவில்லை.